தூக்குநூலும் மலையும்

தமிழில் 'நேர்' என்னும் சிறிய சொல் சுமந்து நிற்கும் பொருள்கள் பல. வளையாத கோடு நேர்கோடு. ஒன்றுக்கு ஒன்று ஒப்பாக அமைவதும் நேர். இறைவனுக்கென ஒன்றைத் தருவதாக வாக்களிப்பது நேர்தல். அவ்வாறு அளிக்கப்படுவது நேர்ச்சை. பொய்யும் வஞ்சனையும் கலவாத வாழ்வோ நேர்மை. இதற்கு எதிர்ப்புறத்தில் கோணல், கோட்டம், கொடுமை என்னும் சொற்கள் நிற்கின்றன. அரசனின் கோல் நிமிர்ந்திருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வள்ளுவரும் இவ்விரண்டுக்கும் தனித்தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கொத்தனாரின் கையில் உள்ள அளவையும் சான்றோரின் நெஞ்சில் உள்ள அளவையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் சுட்டியது தற்செயலாக நேர்ந்ததன்று.

ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒன்றோடு ஒன்று ஒத்து, ஒரே வரிசையில் அமைந்துவிட்டால் அது நன்மைதானா? நேராக இருப்பது என்றால் எதற்கு நேராக இருப்பது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண முயல்வோம். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் நாட்டிலும், இன்று நம்மைச் சூழ்ந்து வரும் புதிய இயந்திரங்களிலும் இக்கேள்வி மறைந்து நிற்கிறது.

தொழில்கள் கற்பிப்பவை

ஒவ்வொரு தொழிலுக்கும் தனக்கென ஒரு நேர் உண்டு. கொத்தனார் சுவரை எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். தம் கண் எவ்வளவு பழகியதாயினும் அவர் அதை மட்டுமே நம்புவதில்லை. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு வரியின் இரு ஓரங்களும் நேராக அமையுமாறு பார்த்துக்கொண்டார். அதற்காக அவர் சொற்களை மாற்றவில்லை; சொற்களுக்கு இடையே இருந்த வெற்றிடங்களையே கூட்டியும் குறைத்தும் வரியை நிரப்பினார். இன்று கணிப்பொறி செய்வதும் அதுவே.

சாலையோரப் பட்டறைகளில் 'வீல் அலைன்மெண்ட்' என்று எழுதிய பலகைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். முன்சக்கரங்கள் சற்றே கோணிவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் தேயும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோணல் சிறிதாக இருக்கும்போது ஓட்டுநர் தம்மை அறியாமலேயே திசைமாற்றியை எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். சில நாள்களில் அது அவருடைய கைக்குப் பழகிவிடுகிறது. வண்டி நேராக ஓடுவதாகவே அவர் எண்ணுகிறார். உண்மையை அறிவிப்பது தேய்ந்த டயர்தான்.

எலும்பு மருத்துவம் மற்றொன்றைக் கற்பிக்கிறது. முறிந்த எலும்பு கூடும், ஆனால் கோணலாகவும் கூடும். வளரும் குழந்தைகளுக்கு ஓரளவு வளைந்து கூடிய எலும்பு வளர்ச்சியின் போக்கில் தானாகவே நிமிர்ந்துவிடுவது உண்டு. ஆனால் திருகிக் கூடியது பெரும்பாலும் அவ்வாறு நிமிர்வதில்லை. வளர்ந்தவர்களுக்கோ, கோணல் நடையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், கூடிய எலும்பை மீண்டும் வெட்டி நேராக்க வேண்டிவரும். 'கூடிவிட்டது' என்பது வேறு, 'நேராகக் கூடியது' என்பது வேறு. பகைத்துப் பிரிந்த இரு குடும்பங்கள் அநீதியை அப்படியே மூடிவைத்துவிட்டு மீண்டும் உறவு கொண்டாடும்போது இந்த வேறுபாட்டை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

அரசியலிலும் இச்சொல்லுக்கு இடம் உண்டு. 1961ஆம் ஆண்டு பெல்கிரேடு நகரில் கூடிய மாநாட்டில் உருப்பெற்ற இயக்கத்தை நாம் அணிசேரா இயக்கம் என்கிறோம். நேரு, டிட்டோ, நாசர் முதலியோர் முன்னின்ற அவ்வியக்கத்தின் கொள்கை, எந்தக் கருத்தும் இல்லாமல் ஒதுங்கி நிற்பதன்று. இரு பெரும் வல்லரசுகளில் ஒன்றன் பின்னே கண்ணை மூடிக்கொண்டு நிற்காமல், ஒவ்வொரு சிக்கலையும் அதன் தகுதி நோக்கித் தாமே தீர்மானிப்பதே அதன் கொள்கை. நடைமுறையில் அந்நாடுகள் யாவும் அவ்வாறே நடந்தன என்று சொல்வதற்கில்லை. எனினும் சேராமல் நிற்பதும் ஒரு வகை நேர்மையாக இருக்கக்கூடும் என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

இவற்றை ஒருங்கே நோக்கினால் மூன்று வகை நேர் புலப்படும். ஒருவரோடு ஒருவர் ஒத்து நிற்பது முதல் வகை. இட்ட பணிக்கு ஏற்ப ஒழுகுவது இரண்டாம் வகை. நம் எல்லாருக்கும் அப்பாற்பட்ட ஓர் அளவைக்கு ஏற்ப நிற்பது மூன்றாம் வகை. கொத்தனாரின் தூக்குநூல் இம்மூன்றாவதைச் சார்ந்தது.

வரிசையில் நிற்றல்

முதல் வகை நமக்கு இன்றியமையாதது. வரிசை இல்லையேல் பள்ளி இல்லை, பாடகர் குழு இல்லை, திருவழிபாடும் இல்லை. ஆயினும் அது தன்னிலே அறமாகிவிடாது. 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்சியைக் கைப்பற்றிய நாசிக் கட்சி, தொழிற்சங்கம், செய்தித்தாள், பல்கலைக்கழகம், இளைஞர் மன்றம் என அனைத்தையும் தன் கோட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே யாவற்றையும் ஒருசீராக இணைத்தல் என்னும் பொருள் தரும் ஒரு சொல்தான். அந்த அணிவகுப்புகளில் ஒரு காலடிகூடத் தவறவில்லை. அந்த வரிசை எங்கே சென்று முடிந்தது என்பதை உலகம் அறியும்.

அந்நாளில் ஆஸ்திரிய நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிரான்ஸ் யாகர்ஸ்டேட்டர் என்னும் உழவர் வாழ்ந்தார். தம் ஊர்க் கோவிலில் திருப்பண்டக் காப்பாளராகப் பணியாற்றியவர் அவர். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதை ஏற்கச் சொல்லி வாக்கெடுப்பு நடந்தபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அநீதியான போரில் ஆயுதம் ஏந்துவது இறைவனுக்கு ஏற்றதன்று எனத் தெளிந்த அவர், 1943இல் படையில் சேர மறுத்தார். குருக்களிடம் ஆலோசனை கேட்டார். தம் ஆயரையும் சென்று கண்டார். மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் எண்ணிப் பார்க்கும்படியே அவருக்கு அறிவுரை கிடைத்தது. அவ்வறிவுரை தீய எண்ணத்தில் பிறந்ததன்று. நம்மில் பலரும் அவ்வாறே கூறியிருப்போம். ஆயினும் அவர் தம் முடிவினின்று விலகவில்லை. 1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது.

ஊர் முழுவதும் ஒரு கோட்டில் நின்றது. அவர் ஒருவர் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றார். அன்று பார்த்தவர்களுக்குக் கோணலாகத் தெரிந்தவர் அவரே. சாய்ந்த சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் தூண்தான் சாய்ந்தது போலத் தோன்றும் அன்றோ?

இட்ட பணியும் இடப்பட்ட நோக்கமும்

இரண்டாம் வகை நேர் இன்று புதிய வேகத்தோடு நம் முன் வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு என்னும் கருவிகளைச் செய்வோர், அக்கருவிகள் மனித விருப்பத்துக்கு நேராக இயங்கவேண்டும் என்பதையே தங்கள் பெருங்கவலையாகக் கூறுகின்றனர். இக்கவலை புதிதன்று. 1960ஆம் ஆண்டிலேயே நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், நாம் இடைமறிக்க முடியாத வேகத்தில் இயங்கும் இயந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைத் தருமுன், அது உண்மையிலேயே நாம் விரும்பும் நோக்கந்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என எச்சரித்தார்.

தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் கேட்ட மைதாஸ் மன்னனின் கதையை நாம் அறிவோம். வரம் கொடுத்தவர் ஏமாற்றவில்லை. கேட்டது அப்படியே கிடைத்தது. உண்ண எடுத்த உணவும் பொன்னாயிற்று. இயந்திரமும் அத்தகையதே. 'பார்ப்பவரின் கண்களை நெடுநேரம் திரையில் நிறுத்து' என்று அதைப் பணித்தால், சினமும் வதந்தியும் கண்களை நிறுத்தும் என்று கண்டுகொண்ட மறுநொடியே அவற்றை அது முன்வைக்கும். பணியில் அது சிறிதும் பிழைக்கவில்லை. பிழை பணித்தவரின் நோக்கத்தில் இருக்கிறது.

இன்னும் ஆழமான ஓர் இடர்ப்பாடும் உண்டு. இக்கருவிகள் மனிதர் எழுதியவற்றிலிருந்தும் முன்னர்ச் செய்த முடிவுகளிலிருந்தும் கற்கின்றன. ஓர் அலுவலகம் பல ஆண்டுகளாக ஒரு சாராரை மட்டுமே வேலைக்கு எடுத்திருந்தால், அந்தப் பதிவேடுகளைப் படித்த இயந்திரம் அதையே நீதி எனக் கற்றுக்கொள்ளும். மனிதனுக்கு நேராக இயந்திரத்தை நிறுத்திவிட்டோம் என்று மகிழுமுன், மனிதன் எதற்கு நேராக நிற்கிறான் என்று கேட்க வேண்டாமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14ஆம் நாள் இத்தாலியில் நடந்த ஜி-7 நாடுகளின் கூட்டத்தில், ஒரு மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் ஒருபோதும் எடுக்கக்கூடாது என்று வலியுறுத்தினார். 2025 ஜனவரி 28ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட, செயற்கை நுண்ணறிவு பற்றிய ஏடும், அறப்பொறுப்பு மனிதரையே சாரும், கருவியைச் சாராது என்று தெளிவுபடுத்துகிறது. ஆகவே கேள்வி மீண்டும் நம்மிடமே திரும்பி வருகிறது.

ஆமோஸ் கண்ட நூல்

இறைவாக்கினர் ஆமோஸ் ஆடு மேய்த்தவர். காட்டு அத்திமரங்களைப் பேணியவர். யூதாவின் தெக்கோவாவைச் சேர்ந்த அவர், வடநாட்டுப் பெத்தேலுக்குச் சென்று இறைவாக்கு உரைத்தார். எரொபவாம் மன்னனின் ஆட்சியில் அங்கே செல்வம் செழித்தது. வழிபாடுகள் ஒழுங்காக நடந்தன. விழாக்களுக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. ஆனால் வறியவர் விற்கப்பட்டனர், எடைக்கற்கள் பொய்த்தன. அந்நிலையில் ஆண்டவர் தூக்குநூலைக் கையில் பிடித்தபடி ஒரு சுவரருகே நிற்பதை ஆமோஸ் காட்சியாகக் கண்டார். அந்நூல் மக்களின் நடுவே தொங்கவிடப்படும் என்பதே செய்தி. பெத்தேலின் குரு அமட்சியா அச்செய்தியை ஏற்கவில்லை. அது அரசனின் ஆலயம் என்று நினைவூட்டி, ஆமோசை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். அரசனுக்கு நேராக நின்ற குருவுக்குத் தூக்குநூல் இடையூறாகத் தெரிந்தது.

கேன்டர்பரிப் பேராயராக விளங்கி 1109இல் மறைந்த புனித ஆன்செல்ம், நீதி என்பது மனவிருப்பத்தின் செவ்விய நிலை என்றும், வேறு பயன் கருதாமல் அந்நிலையை அதன் பொருட்டே காப்பது என்றும் விளக்கினார். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஈகை செய்பவரின் கை நேராக நீள்கிறது, விருப்பமோ வளைந்திருக்கிறது.

தூக்குநூலைப் பற்றி அறிவியல் கூறும் இரு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது இது. இங்கிலாந்தில் 1981இல் திறக்கப்பட்ட ஹம்பர் பாலத்தின் இரு கோபுரங்களும் 1,410 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. இரண்டுமே துல்லியமான செங்குத்து. ஆயினும் அவற்றின் அடிகளுக்கு இடையே உள்ள தொலைவைவிட உச்சிகளுக்கு இடையே உள்ள தொலைவு 36 மில்லிமீட்டர் அதிகம். பூமி உருண்டையாக இருப்பதால் ஒவ்வொரு கோபுரமும் தான் நிற்கும் இடத்திலிருந்து பூமியின் மையத்தை நோக்கியே நிற்கிறது. ஒரே மையத்துக்கு நேராக நிற்பவை ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும் என்பதில்லை. துறவியும் இல்லறத்தாரும், பாமரரும் அறிஞரும், ஒரே இறைவனை நோக்கி நிமிர்ந்து நின்றும் வேறுபட்டு நிற்பது இதனாலேயே. ஒற்றுமை என்பது ஒரே அச்சில் வார்க்கப்படுவதன்று.

இரண்டாவது செய்தி நம் மண்ணோடு தொடர்புடையது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி, தூய தோமாவின் நினைவு நிலைத்த பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அப்பணி வடக்கே வளர்ந்து இமயத்தின் அண்மையை எட்டியபோது ஒரு புதிர் எழுந்தது. கலியான்பூர், கலியானா என்னும் இரு இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு. அதைத் தரைவழியே முக்கோணங்களாக அளந்தபோது கிடைத்த விடையும், தூக்குநூலைத் துணையாகக் கொண்டு விண்மீன்களை நோக்கிக் கணித்தபோது கிடைத்த விடையும் ஒத்துவரவில்லை. வேறுபாடு ஏறத்தாழ 160 மீட்டர். தூக்குநூல் பொய் சொல்லுமா? சொல்லவில்லை. இமயமலையின் பெருந்திரள் குண்டைத் தன் பக்கம் சற்றே இழுத்துவிட்டது. நூல் நேராகவே தொங்கியது. ஆனால் அது காட்டிய திசை மையத்தினின்று சிறிது விலகியிருந்தது.

மலையின் இழுப்பு

மனச்சான்று நம் உள்ளத்தில் இறைவன் தொங்கவிட்ட தூக்குநூல். அதற்குப் பணிவது நம் கடமை. ஆயினும் அதன் அருகே ஒரு பெருமலை நின்றால் அது விலகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, மனச்சான்றின் மாண்பை எடுத்துரைத்த அதே இடத்தில், அது அறியாமையால் தவறக்கூடும் என்றும், உண்மையைத் தேடக் கவலைப்படாதவரிடம் பாவப் பழக்கத்தால் மெல்ல மெல்லக் குருடாகக்கூடும் என்றும் சொல்கிறது.

நம்மிடையே நிற்கும் மலைகள் எவை? செல்வம் ஒன்று, குடும்பப் பெருமை ஒன்று. தமிழகத் திருச்சபையில் எல்லாவற்றினும் பெரிது சாதி. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பலிபீடத்தை நோக்கிய இரு கைகளாகக் கட்டப்பட்டது. ஒரு கை ஒரு சாராருக்கு. மறு கை பிறருக்கு. 1910இல் குருக்கள் நடுத்தடுப்பை அகற்றினர். தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு சாரார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஆலயத்தைக் கட்டிய கொத்தனார்கள் தூக்குக்குண்டு பிடித்தே சுவர்களை எழுப்பியிருப்பார்கள். சுவர் நேராக நின்றது. அச்சுவர்களுக்குள் இரு பகுதியிலும் மக்கள் வரிசை பிசகாமல் மண்டியிட்டனர். அவர்களில் பலர் தம் மனச்சான்று உறுத்தாமலேயே மண்டியிட்டிருக்க வேண்டும் என்பதே நம்மை நடுங்கச் செய்கிறது.

தடுப்பு போய் நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் தனிக் கல்லறைகளும், தேர் செல்லாத தெருக்களும், திருமணப் பேச்சில் முதல் கேள்வியாக எழும் சாதியும் நம்மைவிட்டு முற்றிலும் நீங்கிவிட்டனவா? கோணிய சக்கரத்துக்கு ஏற்பக் கையைப் பழக்கிக்கொண்ட ஓட்டுநரைப் போல, 'ஊர் வழக்கம்' என்று சொல்லி நாமும் பழகிவிடுகிறோம். எங்கோ ஒரு பக்கம் மனிதர் தேய்ந்துகொண்டிருக்கிறார்கள். வண்டியின் நேரை டயரிடம் கேட்பது போல, ஒரு சமூகத்தின் நேரை அதில் தேய்பவர்களிடமே கேட்க வேண்டும்.

அப்படியானால் விலகிய நூலைத் திருத்துவது எவ்வாறு? நில அளவையாளர் கண்ட வழியே நமக்கும் வழி. அவர்கள் ஒரே தொலைவை இரு முறையில் அளந்தார்கள்: ஒன்று விண்ணைப் பார்த்து, மற்றொன்று தரையில் நடந்து. இரண்டும் ஒத்துவராதபோதுதான் மலையின் இழுப்பு வெளிப்பட்டது. விண்ணை மட்டும் பார்த்திருந்தால் பிழை ஒருபோதும் தெரிந்திராது. இறைவார்த்தையையும் செபத்தையும் கொண்டு நம்மை அளப்பது விண்ணளவை. நம்மால் ஒதுக்கப்பட்டவரின் வீடுவரை நடந்து சென்று, அவர் அருகே அமர்ந்து, நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று காண்பது தரையளவை. முதலாவதை மட்டும் செய்து மனநிறைவு கொள்வது பெத்தேலின் வழிபாடு. இரண்டாவதை மட்டும் செய்பவர் நாளடைவில் தம் செயலையே அளவுகோலாக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டையும் செய்து, விடைகளை அருகருகே வைத்து, வேறுபாட்டைக் கண்டு அஞ்சாமல் காரணம் தேடுவதே மனச்சான்றைப் பயிற்றுவித்தல் ஆகும்.

இமயத்தின் கதையில் இன்னொரு சிறு செய்தியும் உண்டு. 1855இல் கல்கத்தாவில் இருந்த பிராட் என்னும் ஆங்கிலிக்கக் குரு, மலையின் பருமனைக் கொண்டு அதன் இழுப்பைக் கணக்கிட்டார். காணப்பட்ட விலகலைவிட அவர் கணக்கில் வந்தது ஏறத்தாழ மூன்று மடங்கு. அவ்வளவு பெரிய மலை அவ்வளவு குறைவாகவே இழுத்தது ஏன்? மலைகளுக்கு அடியில், சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்த வேர்கள் ஆழமாக இறங்கியிருப்பதே காரணம் என்று வானியலார் ஏரி அதே ஆண்டில் விளக்கினார். கண்ணுக்குத் தெரியும் பருமன் அளவுக்கு மலைக்கு வலிமை இல்லை.

ஊர் என்ன சொல்லும், உறவினர் என்ன நினைப்பர் என்று நாம் அஞ்சும் மலைகளும் பெரும்பாலும் இத்தகையனவே. ஆஸ்திரிய உழவர் ஒருவர் பேரரசு ஒன்றின் இழுப்பையே தாங்கி நின்றார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதன்று: பந்தியில் ஓர் இடம், கல்லறையில் ஒரு வேலியை நீக்குதல், நம் மகனோ மகளோ தேர்ந்த துணையை மனமார வாழ்த்துதல். இவற்றில் எதை இந்த ஆண்டு செய்யப்போகிறோம் என்பதை, தூக்குநூலைக் கையில் பிடித்துச் சுவரருகே நிற்பவரின் முன்னிலையில் நாமே தீர்மானிப்போம்.